கடைசி வரிசையைப் பார்த்து ஆள் எண்ணுவது: மீக்கடத்தியும் குவாண்டம் அலைவும்

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘குவாண்டம் பதக்கம்’ விற்கிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் உடம்பின் அதிர்வு சீராகிவிடுமாம். வாட்சப்பில் வேறொரு கதை: மின்தடையே இல்லாத ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இனி கரண்டு பில் பாதியாகிவிடும். இது 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து கிளம்பிய ‘எல்கே-99’ விவகாரத்தின் மிச்சம். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) என்றார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் அதே பொருளைச் செய்து பார்த்து, சில வாரங்களிலேயே இல்லை என்று கைவிரித்துவிட்டன. மின்தடை சட்டென்று இறங்கியதற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு. முதல் செய்தி மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வரை வந்தது, மறுப்பு மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

மாலை நேரத்தில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். பதக்கத்தையும் கல்லையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, “சார், குவாண்டம் அதிர்வாலதானே சூப்பர்கண்டக்டர் வேலை செய்யுது?” என்று கேட்பவர்கள் வகுப்பில் உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காணொளிகளே அப்படித்தான் குழப்புகின்றன.

குவாண்டம் அலைவு என்பது மீக்கடத்தியை ஓட்டும் சக்தி கிடையாது. அது ஒரு பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் எத்தனை, எப்படி ஓடுகின்றன என்று கண்டுபிடிக்க உதவும் அளவை முறை. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் மீக்கடத்தும் குணத்தை வேண்டுமென்றே அடக்கிவிட்டுத்தான் இந்த அளவையே எடுக்கிறார்கள். ஏன் அப்படி என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில், மீக்கடத்தி

மின்கம்பியில் எலெக்ட்ரான்கள் ஓடும்போது அணுக்களின் நடுக்கத்திலும் பொருளிலுள்ள பிசிறுகளிலும் மோதி ஆற்றலை இழக்கின்றன. அந்த இழப்புதான் மின்தடை. கம்பி சூடாவது அதனால்தான். சில பொருள்களைக் குளிரவைத்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை அடியோடு மறைந்துவிடுகிறது. குறைவதில்லை, மறைகிறது. அப்படிப்பட்ட பொருளே மீக்கடத்தி. 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னெஸ் பாதரசத்தைக் குளிரவைத்தபோது இதை முதலில் பார்த்தார். வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்.

ஈப்போவுக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நம் ஊரில் நிறைய பேர். அந்தக் குழாயைச் சுற்றியிருக்கும் காந்தம் பெரும்பாலும் நையோபியம்-டைட்டானியம் மீக்கடத்திக் கம்பியால் ஆனது, திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடப்பது. ஆக, மீக்கடத்தி இனிமேல்தான் வரப்போகும் அதிசயம் அல்ல. வராமலிருப்பது, குளிரவைக்காமலே வேலை செய்யும் மீக்கடத்தி.

பாதரசம் போன்ற பழைய மீக்கடத்திகளில் என்ன நடக்கிறது என்பது 1957-லேயே புரிந்துவிட்டது: எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து ஓடுகின்றன. சிக்கல் 1986-இல் ஆரம்பித்தது. சூரிக்கில் பெட்நோர்ஸும் முல்லரும் செப்பும் ஆக்சிஜனும் கலந்த ஒரு பீங்கான் வகைப் பொருளில், யாரும் எதிர்பாராத உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வந்து 90 கெல்வினைத் தாண்டியது. இதிலும் இணை சேருகின்றன என்பது தெரியும். ஆனால் எதனால் இவ்வளவு உயர்ந்த வெப்பநிலையிலும் இணை பிரியாமல் இருக்கின்றன என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை.

இணை சேர்வதற்கு முன்னால் அந்த எலெக்ட்ரான்கள் எப்படி இருந்தன? என் பார்வையில் உண்மையான கேள்வி இதுதான். அதற்குத்தான் எண்ணிப் பார்க்க ஒரு வழி தேவைப்படுகிறது.

பந்தியில் ஒரு கணக்கு

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானம் நடக்கிறது. மண்டபத்தில் பாய் விரித்து வரிசை வரிசையாக உட்காரவைக்கிறார்கள். விதி இரண்டு. எல்லா வரிசையும் ஒரே நீளம். முன்வரிசை நிரம்பாமல் பின்வரிசையில் யாரும் உட்காரக்கூடாது.

வந்திருப்பவர்கள் 600 பேர். அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பின்வாசலில் நிற்கிறீர்கள், கண்ணுக்குத் தெரிவது கடைசி வரிசை மட்டும். அது முழுசாக நிரம்பியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பது மட்டும்தான் உங்களால் சொல்ல முடியும்.

வரிசைக்கு 100 பேர் என்றால் ஆறு வரிசை, கடைசி வரிசை கச்சிதமாக நிரம்பியிருக்கும். இப்போது பாயை இழுத்து வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைகளில் இடம் கூடக் கூட, கடைசி வரிசை ஆட்கள் எழுந்து முன்னால் போய்விடுகிறார்கள். கடைசி வரிசை குறைந்துகொண்டே வந்து, வரிசைக்கு 120 பேர் ஆகும்போது காலியாகிவிடுகிறது. ஐந்தாவது வரிசை கடைசி வரிசையாகி நிரம்பி நிற்கிறது. இன்னும் நீட்டினால் 150-இல் நான்கு வரிசை, 200-இல் மூன்று வரிசை.

பின்வாசலிலிருந்து பார்க்கிற உங்களுக்கு இது எப்படித் தெரியும்? நிரம்பியது, குறைந்தது, மறுபடி நிரம்பியது, மறுபடி குறைந்தது. ஓர் ஏற்ற இறக்கம்.

நிரம்பிய நேரங்களில் வரிசையின் நீளம் 100, 120, 150, 200. இடைவெளி 20, 30, 50 என்று ஒழுங்கில்லாமல் போவதுபோல் தெரிகிறது. அதே எண்களைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: நூறில் ஒன்று, நூற்றிருபதில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று, இருநூறில் ஒன்று. இவை 600-இல் ஆறு, 600-இல் ஐந்து, 600-இல் நான்கு, 600-இல் மூன்று. ஒவ்வொரு படியும் சரியாக 600-இல் ஒரு பங்கு. ஒழுங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: ஒரு தலையைக்கூட எண்ணாமல், கடைசி வரிசை எப்போதெல்லாம் நிரம்புகிறது என்பதை மட்டும் கவனித்து, மண்டபத்தில் 600 பேர் என்று சொல்லிவிட முடிகிறது. அதற்கு வரிசையின் நீளத்தைத் தலைகீழாக்கி வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்திலிருந்து உலோகத்துக்கு

ஆட்களின் இடத்தில் எலெக்ட்ரான்களை வையுங்கள். பாயை இழுக்கும் கையின் இடத்தில் காந்தப்புலத்தை வையுங்கள்.

காந்தப்புலம் ஓடுகிற எலெக்ட்ரானை வளைக்கும். போதுமான அளவு வலுவாக இருந்தால் வட்டமாகவே சுற்றவைக்கும். குவாண்டம் விதிப்படி எந்த வட்டத்திலும் சுற்றிவிட முடியாது. சில குறிப்பிட்ட ஆற்றல்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அந்த அனுமதிக்கப்பட்ட ஆற்றல் வரிசைகளுக்கு லாண்டாவ் மட்டங்கள் என்று பெயர். பந்தி வரிசைபோலவே எல்லா மட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் இடம். ஓர் இடத்தில் ஓர் எலெக்ட்ரான்தான் உட்காரலாம், கீழ்மட்டம் நிரம்பிய பிறகுதான் மேல்மட்டம். ஒரு மட்டத்தில் எத்தனை இடம் என்பதைத் தீர்மானிப்பது காந்தப்புலம்: புலத்தை இரட்டித்தால் இடமும் இரட்டிக்கும்.

ஆகவே புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மேல்மட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. ஒரு பொருளின் மின்தடை, காந்தத்தன்மை போன்ற குணங்களைப் பெரும்பாலும் முடிவு செய்வது உச்சியில் இருக்கும் எலெக்ட்ரான்கள்தான். கடைசி மட்டம் நிரம்பி நிரம்பிக் காலியாகும்போது அந்தக் குணங்களும் கூடிக் குறைகின்றன. இந்த ஏற்ற இறக்கம்தான் குவாண்டம் அலைவு. பொருள் எதுவும் ஆடவில்லை, அதிரவும் இல்லை. வரைதாளில் கோடு மேலும் கீழுமாகப் போகிறது. பதக்க வியாபாரிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

1930-ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் விசேஷமான ஆண்டு. சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் இந்த மட்டங்களைக் கணக்கில் கண்டுபிடித்து, அலைவு இருக்க வேண்டும் என்றும் உணர்ந்து, ஆனால் பரிசோதனையில் அதைப் பார்க்கவே முடியாது என்று நினைத்தார். அதே ஆண்டில், அதே லைடன் நகரில், டி ஹாஸும் வான் ஆல்ஃபனும் பிஸ்மத் உலோகத்தின் காந்தத்தன்மையில் அதைப் பார்த்துவிட்டார்கள். ஷூப்னிகோவும் டி ஹாஸும் அதே உலோகத்தின் மின்தடையில் பார்த்தார்கள்.

ஆள் கணக்கிலிருந்து வரைபடத்துக்கு

பந்தி உவமை ஓர் இடத்தில் போதாமல் போகிறது. அதில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்கும். உலோகத்தில் அதற்கு மேலும் கிடைக்கிறது.

ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் ஓர் உந்தம் உண்டு: எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தோடு. எல்லா எலெக்ட்ரான்களின் உந்தத்தையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால், நிரம்பிய பகுதிக்கும் காலியான பகுதிக்கும் நடுவே ஓர் எல்லை வரும். அந்த எல்லைக்குப் பெயர் ஃபெர்மி பரப்பு. அது நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய பரப்பு அல்ல, உந்தங்களின் வரைபடத்தில் வரும் ஒரு வடிவம். ஒரு பொருள் மின்சாரத்தை எப்படிக் கடத்தும் என்பதை இந்த வடிவம்தான் பெரிதும் சொல்கிறது. மீக்கடத்தலும் இந்த எல்லையில் இருக்கும் எலெக்ட்ரான்கள் இணை சேருவதால்தான் வருகிறது.

1952-இல் லார்ஸ் ஆன்சாகர் ஒரு சுருக்கமான உறவைக் கண்டுபிடித்தார். புலத்தின் அளவைத் தலைகீழாக்கி (ஒன்றைப் புலத்தால் வகுத்து) வைத்துப் பார்க்கும்போது அலைவு எவ்வளவு அடிக்கடி வருகிறதோ, அந்த அதிர்வெண், ஃபெர்மி பரப்பின் குறுக்குவெட்டு எவ்வளவு பெரியது என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். அதிர்வெண் பெரியதென்றால் குறுக்குவெட்டும் பெரியது. பொருளைக் காந்தத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அளந்தால், வேறு வேறு கோணத்தில் குறுக்குவெட்டு கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் முழு வடிவமும் வந்துவிடும். கேம்பிரிட்ஜில் டேவிட் ஷோன்பெர்க் இதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தார். செப்பின் ஃபெர்மி பரப்பு வெறும் உருண்டை இல்லை, சில திசைகளில் கழுத்துபோல நீண்டு பக்கத்துப் பரப்பைத் தொடுகிறது என்பதை அவருடைய அளவுகளில் தெளிவாகவே காணலாம்.

இன்னொரு தகவலும் இதிலேயே கிடைக்கிறது. பொருளைக் கொஞ்சம் சூடாக்கினால் அலைவு மங்கும். எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை வைத்து, அந்தப் பொருளுக்குள் எலெக்ட்ரான் எவ்வளவு கனமானதுபோல நடந்துகொள்கிறது என்று கணக்கிடலாம். இதைப் பயனுறு நிறை என்பார்கள். எலெக்ட்ரானின் நிறை உண்மையில் மாறுவதில்லை. சுற்றியிருப்பவற்றோடு உள்ள உறவால் நகர்வதற்குச் சிரமப்படுகிறது.

சுருக்கமாக: அதிர்வெண்ணிலிருந்து குறுக்குவெட்டு, அதிலிருந்து எண்ணிக்கை. கோணத்தை மாற்றினால் வடிவம். வெப்பநிலையை மாற்றினால் பயனுறு நிறை.

பள்ளி ஆய்வகத்தில் ஏன் செய்ய முடியாது

எலெக்ட்ரான் ஒரு வட்டத்தைச் சுற்றி முடிப்பதற்குள் எதிலும் மோதிவிடக்கூடாது. மோதினால் மட்டங்கள் கலங்கிப்போகும். அதனால் பொருள் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரே படிகமாக இருக்க வேண்டும். இந்தத் துறையில் நல்ல படிகம் வளர்க்கத் தெரிந்தவருக்கு இருக்கிற மரியாதை, காந்தம் வைத்திருப்பவருக்குக்கூட இருக்காது. வெப்பமும் மட்டங்களைக் கலைத்துவிடும் என்பதால், திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும்.

அப்புறம் காந்தப்புலம். மீக்கடத்திக்கு இது இரட்டைத் தேவை. இணை சேர்ந்துவிட்டால் உச்சியில் தனி எலெக்ட்ரானாக நின்று நிரம்பிக் காலியாக ஆள் இருக்காது, அலைவு அமுங்கிப்போகும். பலமான காந்தப்புலம் அந்த இணைகளைப் பிரித்துவிடும். (முழுதாகப் பிரியும் முன்பே அலைவு தெரிவதும் உண்டு. 1976-லேயே நையோபியம் டைசெலினைடு என்ற மீக்கடத்தியில் பார்த்திருக்கிறார்கள்.) பிரிக்கவும் அதே புலம், அளக்கவும் அதே புலம்.

எவ்வளவு பலம்? காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். நாம் நிற்கும் இடத்தில் பூமியின் புலம் ஒரு டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவமனை எம்ஆர்ஐ வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளுக்கு 50, 60 டெஸ்லா வேண்டியிருக்கிறது. அதைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது. பெரிய மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே மூச்சில் சுருளுக்குள் பாய்ச்சுகிறார்கள், புலம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எகிறி இறங்குகிறது, அதற்குள் அளவெடுத்து முடிக்க வேண்டும். அமெரிக்காவின் லாஸ் அலாமோஸில் 2012-இல் காந்தம் சிதறாமலே 100 டெஸ்லாவைத் தாண்டினார்கள். சிதறாமல் என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: அந்தப் புலம் தன் சுருளையே வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிய்க்கப் பார்க்கும்.

530 என்ற எண்

செப்பு ஆக்சைடுகள் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அவற்றில் நம்பகமான குவாண்டம் அலைவு கிடைக்கவில்லை. இந்தப் பொருள்களில் ஆக்சிஜனின் அளவைக் கூட்டிக் குறைத்து, மின்சாரத்தைச் சுமந்து ஓடக்கூடிய துகள்களின் எண்ணிக்கையை மாற்றலாம். குறைவாக இருக்கும் பக்கம்தான் மர்மமானது. ஒளியைப் பாய்ச்சி எலெக்ட்ரானை வெளியே தள்ளிப் பார்க்கும் வேறொரு முறையில், அங்கே ஃபெர்மி பரப்பு முழு வளையமாக இல்லாமல் துண்டு துண்டாகத் தெரிந்தது. துண்டாகிப்போன கோட்டில் எலெக்ட்ரான் எப்படிச் சுற்றி வரும்? அங்கே ஃபெர்மி பரப்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள்.

2007-இல் கனடாவின் லூயி தைய்ஃபேர் குழுவும் பிரான்சின் துலூஸ் நகரில் சிரில் ப்ரூஸ்ட் குழுவும் சேர்ந்து, ஆக்சிஜன் குறைந்த யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை 62 டெஸ்லா வரை கொண்டுபோய் அளந்தார்கள். மின்தடையில் அலைவு தெரிந்தது. அதிர்வெண் 530 டெஸ்லா. பயனுறு நிறை, தனி எலெக்ட்ரானின் நிறையைப்போல சுமார் 1.9 மடங்கு.

530 டெஸ்லா புலத்தை யாரும் உண்டாக்கவில்லை. அது பந்தியில் நாம் கண்டுபிடித்த 600-ஐப் போன்ற எண். 600-ஐ ஆறால் வகுத்தால் 100, ஐந்தால் வகுத்தால் 120 என்று வந்ததுபோல, 530-ஐப் பத்தால் வகுத்தால் 53, ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 59. புலம் 53-இலிருந்து 59 டெஸ்லாவுக்கு ஏறும்போது ஒரு முழு ஏற்ற இறக்கம் நடந்து முடிகிறது. (தொடக்கத்தில் வரும் ஒரு சிறு நகர்வை இங்கே விட்டுவிட்டேன்.) 62 டெஸ்லா வரைதான் போக முடியும் என்றால் எண்ணுவதற்குச் சில ஏற்ற இறக்கங்களே கிடைக்கும் என்பதும் இதிலிருந்து புரியும்.

ஆன்சாகரின் உறவில் 530-ஐப் போட்டால் கிடைப்பது மிகச் சிறிய குறுக்குவெட்டு, அதாவது ஒரு சின்ன வளையம். படிகத்தின் உந்த வரைபடத்தில் சுமார் 2 சதவீதம். 100 செப்பு அணுவுக்கு நான்கு துகள்கூட இல்லை. அடுத்த ஆண்டு இதற்கு எதிர்ப்பக்கம், துகள்கள் அதிகமாக இருக்கும் தாலியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் அளந்தார்கள். அங்கே அதிர்வெண் சுமார் 18,100 டெஸ்லா, வரைபடத்தில் ஏறக்குறைய 65 சதவீதம். 100 செப்பு அணுவுக்கு சுமார் 130 துகள்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஆக்சிஜன் வேறுபாடு துகள் எண்ணிக்கையைக் கொஞ்சம்தான் மாற்ற வேண்டும். 130 எப்படி நான்குக்கும் கீழே இறங்கும்? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். துகள்கள் காணாமல் போகவில்லை, வரைபடம் மடிந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட பதில். ஆக்சிஜன் குறைந்த பக்கத்தில், குளிரும்போது எலெக்ட்ரான்கள் சீராகப் பரவி இருக்காமல், படிகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் அடர்ந்தும் தளர்ந்தும் மாறி மாறி நிற்கின்றன. இதை மின்னூட்ட அலை என்பார்கள். 2011, 2012-இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, எக்ஸ்ரே என்ற வேறு வழிகளில் அது இருப்பது உறுதியானது. அந்த அலை பெரிய ஃபெர்மி பரப்பை வெட்டி மடித்துச் சிறு வளையமாக்கிவிடுகிறது.

அந்தச் சிறு வளையம் வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடியவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜின் சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், இடையில் அகமதாபாத்தில் எம்பிஏவும் முடித்தவர். என் வகுப்பில் ‘இயற்பியல் எடுத்தால் வேலை கிடைக்குமா’ என்று கேட்கும் பெண்பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்வதுண்டு. மீக்கடத்தும் இணைப்பு மிகப் பலவீனமாக இருக்கும் திசையில்தான் அந்த வளையம் இருக்கிறது என்று 2014-இல் அவரும் சக ஆய்வாளர்களும் அலைவுகளின் கோண மாற்றத்தை வைத்துக் காட்டினார்கள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: துகள்கள் அதிகமுள்ள பக்கம் பெரிய வளையம், குறைந்த பக்கம் சிறிய வளையம், பெரியதை வெட்டிச் சிறியதாக்குவது மின்னூட்ட அலை.

இந்த முறைக்கு எட்டாதவை

“அப்படின்னா அறை வெப்பநிலையில எப்ப வரும்?” என்பது அடுத்து வரும் கேள்வி. குவாண்டம் அலைவு அதற்குப் பதில் சொல்லாது. எலெக்ட்ரான்கள் எதனால் இணை சேர்கின்றன என்பதையும் அது நேரடியாகச் சொல்லாது. இணை சேர வருபவை எவை, எத்தனை, எவ்வளவு கனம் என்பதைச் சொல்லும். அதற்கு ஒத்துவராத கொள்கைகளைக் கழித்துக்கட்டலாம்.

பிசிறு அதிகமான பொருளிடம் இந்த முறை செல்லாது. செப்பு ஆக்சைடுகளிலேயே பலவற்றில் அலைவைப் பார்க்கும் அளவுக்குச் சுத்தமான படிகம் கிடைப்பதில்லை. இன்னொரு எல்லையும் உண்டு. அலைவைப் பார்க்க வேண்டுமென்றால் பலமான புலமும் கடும் குளிரும் வேண்டும். அந்தச் சூழலில் தெரியும் சிறு வளையம், புலமே இல்லாதபோதும் அப்படியேதான் இருக்குமா, அல்லது புலம்தான் மின்னூட்ட அலையை வலுப்படுத்தி அதை உண்டாக்குகிறதா? ஆக்சிஜன் குறைந்த பொருளில் புலம் கூடும்போது மின்னூட்ட அலை வலுப்பெறுவதை எக்ஸ்ரே அளவுகள் காட்டியிருக்கின்றன. ஒளியால் அளந்தவர்கள் பார்த்த துண்டுகளும் புலத்தில் அளந்தவர்கள் பார்த்த முழு வளையமும் எங்கே ஒன்று சேர்கின்றன என்பதில்தான் வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.